உத்ரா வழக்கு: வீட்டுக்குள் நடந்த மரணம் கொலை வழக்கானது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்ப வன்முறை, வரதட்சணைச் சட்டம் பற்றிப் பேசப் போகிற இடங்களில் எல்லாம் யாராவது ஒருவர் கேரளத்து உத்ரா வழக்கை எடுத்துவிடுவார். "பாம்பை வச்சுக் கொன்னாங்களே, அது எப்படி நிரூபணம் ஆச்சு?" என்று தொடங்கும் பேச்சு, சீக்கிரமே அவரவர் வீட்டுக் கவலைக்கு வந்து நிற்கும். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்களின் பெயரும் பிரிவு எண்களும் மாறிவிட்டன. இந்த வழக்கு பழைய சட்டத்தில் நடந்தது. அதனால் தேவைப்படும் இடத்தில் இரண்டு எண்களையும் சொல்கிறேன்.

உத்ரா கேஸ்னா என்ன? முதல்ல இருந்து சுருக்கமா சொல்லுங்க.

கேரளத்தின் கொல்லம் மாவட்டம் அஞ்சலைச் சேர்ந்தவர் உத்ரா. வயது 25. கற்றல் குறைபாடு உள்ளவர். அடூரைச் சேர்ந்த சூரஜுக்கு 2018-இல் திருமணம் செய்து வைத்தார்கள். கிட்டத்தட்ட நூறு பவுன் நகை, ரொக்கம், கார் என்று கொடுத்து அனுப்பிய கல்யாணம். ஓர் ஆண் குழந்தை பிறந்தது.

2020 மார்ச் 2 அன்று அடூரில் கணவர் வீட்டில் இருந்தபோது உத்ராவைக் கண்ணாடி விரியன் கடித்தது. 52 நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தார். உடம்பு தேற அஞ்சலில் தாய்வீட்டுக்கு வந்தார். மே 6 இரவு சூரஜும் அங்கே வந்து தங்கினார். மறுநாள் காலை உத்ரா எழுந்திருக்கவே இல்லை. அந்த அறையைத் தேடியபோது நல்லபாம்பு ஒன்று இருந்தது, அடித்துக் கொன்றார்கள். மே 24 அன்று சூரஜ் கைதானார். 2021 அக்டோபர் 11 அன்று கொல்லம் கூடுதல் செஷன்ஸ் நீதிமன்றத்தின் நீதிபதி எம். மனோஜ் அவரைக் குற்றவாளி என்று அறிவித்து, 13-ஆம் தேதி தண்டனை வழங்கினார். நான் இங்கே பேசுவது அந்த விசாரணை நீதிமன்றத் தீர்ப்பை வைத்துத்தான்.

பாம்பு கடிச்சு செத்தா அது விபத்துதானே? போலீஸ் எதுக்கு வரணும்?

பாம்புக்கடி, தீ விபத்து, மின்சாரம் தாக்குவது, கிணற்றில் விழுவது, தூக்கு, விஷம் எல்லாமே சட்டத்தின் கண்ணில் இயற்கைக்கு மாறான மரணம்தான். தகவல் வந்தால் போலீஸ் வழக்குப் பதிந்து, உடலைப் பார்த்து, பஞ்சாயத்தார் முன்னிலையில் அறிக்கை எழுதி, சந்தேகம் இருந்தால் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது பிரிவு 174, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தில் 194. இதில் யாரும் யார் மேலும் குற்றம் சாட்டுவதில்லை. எப்படி இறந்தார் என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரில் "அறுத்துப் பார்க்க வேண்டாம், அப்படியே கொடுத்துடுங்க" என்று கெஞ்சுவது வழக்கம். அந்த வேதனை புரிகிறது. ஆனால் உத்ராவுக்குப் பரிசோதனை நடக்காமல் இருந்திருந்தால் இந்த வழக்கே இல்லை. உடலில் நல்லபாம்பின் விஷம் இருந்ததும், மயக்கம் தரும் மருந்து இருந்ததும், கையில் இரண்டு கடித் தடங்கள் இருந்ததும் வெளியே வந்தது அந்தப் பரிசோதனையாலும் அதைத் தொடர்ந்த ரசாயன ஆய்வாலும்தான்.

பெத்தவங்களுக்கு சந்தேகம் எப்படி வந்துச்சு?

இரண்டு மாதத்தில் இரண்டு தடவை, இரண்டு வேறு வகை விஷப்பாம்பு, இரண்டு வேறு வீடு. இரண்டு முறையும் பக்கத்தில் இருந்தவர் ஒரே ஆள். இது ஒன்றே யாரையும் யோசிக்க வைக்கும். அப்புறம் பழைய சம்பவம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. மார்ச் மாதக் கடிக்குச் சில நாள் முன்பு, அடூர் வீட்டு மாடிப்படியில் பாம்பைப் பார்த்து உத்ரா அலறியிருக்கிறார். சூரஜ் பதறாமல் அதைப் பிடித்துச் சாக்கில் போட்டிருக்கிறார். பாம்பு பிடிக்கத் தெரிந்த மருமகன் என்று அன்று பெருமையாகக்கூட நினைத்திருக்கலாம். மகள் போன பிறகு அதே காட்சிக்கு அர்த்தம் வேறு.

உத்ரா படுத்திருந்தது ஏ.சி. அறை. கதவும் ஜன்னலும் சாத்தியிருந்த அறைக்குள் ஐந்தடி நீளப் பாம்பு வந்தது எப்படி? பக்கத்தில் படுத்திருந்தவருக்கு ஒன்றுமே தெரியாமல் போனது எப்படி? நகையைப் பற்றிய மனக்கசப்பும் ஏற்கெனவே இருந்தது. இதையெல்லாம் எழுதி, இறந்து இரண்டு வாரத்துக்குள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் போய் நின்றார்கள். குற்றப்பிரிவு விசாரணையை எடுத்துக்கொண்டது. "விதி" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிடாத அந்தப் பெற்றோரால்தான் இந்த வழக்கு உயிர் பெற்றது என்பது என் உறுதியான எண்ணம்.

யாருமே கண்ணால பார்க்கல. சாட்சியே இல்லாம எப்படி தண்டனை குடுக்கலாம்?

கண்ணால் கண்ட சாட்சி இல்லையே தவிர, சாட்சியம் இல்லாமல் இல்லை. அரசுத் தரப்பு 87 சாட்சிகளை விசாரித்தது, 288 ஆவணங்களைத் தாக்கல் செய்தது. பாம்பு விற்றவரோடு நடந்த தொலைபேசி அழைப்புகளின் பதிவு, கைப்பேசியில் மாதக்கணக்கில் பாம்புகளைப் பற்றித் தேடியது, உடலில் இருந்த மயக்க மருந்து, கடித் தடங்களின் அளவு, பாம்பின் பிரேதப் பரிசோதனை என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணி. இதைச் சூழ்நிலைச் சாட்சியம் என்பார்கள்.

இதை எப்படி எடைபோட வேண்டும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் ஐந்து விதிகளை வகுத்தது. ஒவ்வொரு சூழ்நிலையும் முழுதாக நிரூபிக்கப்பட வேண்டும். அவை குற்றத்தோடு மட்டுமே பொருந்த வேண்டும். முடிவான தன்மை கொண்டவையாக இருக்க வேண்டும். வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் கொடுக்கக் கூடாது. சங்கிலி எங்கும் அறுபடக் கூடாது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த வழக்கும் புனேயில் ஒரு இளம் மனைவி வீட்டில் விஷத்தால் இறந்த வழக்குதான். கீழ் நீதிமன்றம் கணவருக்கு மரண தண்டனை கொடுத்தது, உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. உச்ச நீதிமன்றமோ, தற்கொலையாக இருக்கவும் வாய்ப்பு உண்டு என்று சொல்லி அவரை விடுவித்தது. சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும் அது நிரூபணம் ஆகாது. உத்ரா வழக்கிலும் இந்த அளவுகோல்தான்.

ராத்திரி ரூம்ல புருஷன் மட்டும்தான் இருந்தான். அப்போ அவன்தானே நிரபராதின்னு நிரூபிக்கணும்?

பாதி சரி. ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விஷயத்தை அவர்தான் விளக்க வேண்டும் என்கிறது சாட்சியச் சட்டம் பிரிவு 106 (புதிய சட்டத்தில் 109). நான்கு சுவருக்குள் நடந்த மரணத்துக்கு இதை எப்படிப் பொருத்துவது என்று 2006-இல் திரிமுக் மரோத்தி கிர்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: வீட்டில் இருந்தவர் வாயே திறக்காமல் தப்ப முடியாது. அவர் சொல்லும் விளக்கம் பொய் என்று தெரிந்தால் அது சங்கிலியில் கூடுதல் கண்ணியாகும்.

ஆனால் அரசுத் தரப்பு முதலில் தன் பங்கை நிரூபித்த பிறகுதான் இந்தப் பிரிவுக்கு வேலை. அதாவது, இது கொலை, இவருக்கு அதில் தொடர்பு இருக்கிறது என்று காட்டும் அடிப்படை உண்மைகளைப் போலீஸ்தான் கொண்டுவர வேண்டும். பக்கத்தில் படுத்திருந்தார் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கணவரையும் மனைவியையும் உள்ளே தள்ள முடியாது. 1956-லேயே சம்புநாத் மேரா வழக்கில் இது தெளிவாகிவிட்டது.

பொம்மையை வச்சு பாம்பைக் கடிக்க விட்டுப் பார்த்தாங்களாமே, அதெல்லாம் ஆதாரமா?

எனக்கு இந்த வழக்கில் மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாம்பு கடித்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தானாகக் கடித்ததா, கடிக்க வைத்தார்களா என்பதுதான் கேள்வி. பாம்பைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க முடியாது. அதனால் கொல்லம் மாவட்டத்தில் உள்ள வனத்துறைப் பயிற்சி மையத்தில் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். கட்டிலில் மனித உருவப் பொம்மை. அதன் கையில் கோழி இறைச்சியைக் கட்டினார்கள். உயிருள்ள நல்லபாம்பை அதன்மேல் விட்டார்கள். பாம்பு கடிக்காமல் விலகிப் போனது. சீண்டிக் கடிக்க வைத்தபோது பதிந்த பல் தடங்களின் இடைவெளி சுமார் 1.7 செ.மீ. பிறகு பாம்பின் தலையைக் கையால் அழுத்திப் பிடித்துக் கடிக்க வைத்தார்கள். தாடை அகன்றதால் இடைவெளி 2 செ.மீ.க்கு மேல் போனது.

உத்ராவின் இடது கையில் இருந்த இரண்டு கடிகளின் இடைவெளி 2.3 செ.மீ., 2.8 செ.மீ. அதுவும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில். கடிபட்டவர் கையை இழுப்பார், உதறுவார். அடுத்த கடி அதே இடத்தில் விழுவது சிரமம். கை அசையவே இல்லை என்றால் அந்த மயக்க மருந்துக்கு வேலை அங்கேதான். புதைத்த பாம்பையும் தோண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். மண்ணுக்குள் போன பாம்பும் சாட்சி சொன்னது என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தப் பரிசோதனை ஒன்றே போதுமா என்றால் போதாது. பாம்பு வல்லுநர்கள் நீதிமன்றத்தில் வந்து குறுக்கு விசாரணைக்கு உட்பட்டார்கள். மேலே சொன்ன சங்கிலியில் மற்ற கண்ணிகளோடு சேர்ந்தபோதுதான் இதற்குப் பலம்.

பாம்பை வித்தவனை ஏன் விட்டுட்டாங்க? அவனும் கூட்டாளிதானே?

பாம்பு பிடிக்கும் தொழிலில் இருந்த அவரும் முதலில் சூரஜோடு சேர்த்துக் கைது செய்யப்பட்டவர்தான். பிறகு அப்ரூவர் ஆனார். குற்றத்தில் தொடர்புடைய ஒருவர் தெரிந்ததை எல்லாம் மறைக்காமல் சொல்வதாக ஒப்புக்கொண்டால், நீதிமன்றம் அவருக்கு மன்னிப்பு அளித்துச் சாட்சியாக்கலாம். சொன்ன சொல் மாறினால் மன்னிப்பு போய்விடும். எலித் தொல்லை என்று காரணம் சொல்லிப் பாம்பு வாங்கினார் சூரஜ் என்பதும், மரணச் செய்தி வந்ததும் தான் பதறிப்போய்க் கேட்டபோது, பேசாமல் இருந்தால் சர்ப்ப தோஷம் என்று ஊர் நம்பிவிடும் என்று சூரஜ் சொன்னதும் பாம்பு விற்றவருடைய சாட்சியம்.

அந்தக் கடைசி வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். நம் நம்பிக்கையையே ஒருவர் கொலைக்கு மறைப்பாக வைத்திருக்கிறார். கூட்டாளி சொல்வதை மட்டும் நம்பித் தண்டிக்க நீதிமன்றங்கள் தயங்கும், வேறு ஆதாரம் அதை உறுதிப்படுத்த வேண்டும். இங்கே தொலைபேசிப் பதிவுகள் அதைச் செய்தன.

டி.வி. கேமரா முன்னாடியே "நான்தான் கொன்னேன்"னு ஒத்துக்கிட்டானே. அப்புறம் எதுக்கு ஒரு வருஷம் விசாரணை?

2020 ஜூலையில், ஆதாரம் சேகரிக்க அழைத்துப் போன இடத்தில், ஊடகத்தினர் முன் சூரஜ் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் போலீஸ் காவலில் இருப்பவர் மாஜிஸ்திரேட் முன்னிலையில் அல்லாமல் கொடுக்கும் ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. சாட்சியச் சட்டம் பிரிவு 25, 26 (புதியதில் 23). எத்தனை கேமரா இருந்தாலும் இதுதான்.

கோபப்படாதீர்கள். அடித்து வாங்கிய ஒப்புதலில் அப்பாவிகள் சிறைக்குப் போகாமல் இருக்க வைத்த வேலி இது. அந்த ஒப்புதலை நம்பிப் போலீஸ் சும்மா இருந்திருந்தால் வழக்கு தோற்றிருக்கும்.

நூறு பவுன் குடுத்திருக்காங்க. அப்போ இது வரதட்சணை மரணம்தானே? ஏன் கொலைன்னு போட்டாங்க?

இரண்டும் வேறு குற்றங்கள். திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் பெண் இயற்கைக்கு மாறாக இறந்து, இறப்பதற்குச் சற்று முன்பு வரதட்சணைக்காகக் கொடுமைப்படுத்தப்பட்டார் என்று காட்டினால் அது வரதட்சணை மரணம். 1986-இல் சேர்க்கப்பட்ட இ.பி.கோ. 304பி (இப்போது இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்., அதாவது பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 80). இதில் யார் கையால் இறந்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, கொடுமை நிரூபணமானால் நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

கொலை, அதாவது 302 (இப்போது 103), வேறு மாதிரி. இன்னார்தான் கொன்றார் என்பதை ஐயம் திரிபறக் காட்ட வேண்டும். உத்ரா வழக்கில் அதற்கான ஆதாரம் கிடைத்ததால் கொலை, மார்ச் சம்பவத்துக்காகக் கொலை முயற்சி, மயக்க மருந்து கொடுத்தது, ஆதாரத்தை அழித்தது ஆகிய குற்றங்களில் தண்டனை கிடைத்தது. நகை இங்கே நோக்கமாக வந்து நின்றது. பிரிந்தால் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இறந்துபோனால் வேண்டாம் என்பதுதான் அரசுத் தரப்பு காட்டிய கணக்கு. சூரஜ் வீட்டு வளாகத்தில் புதைத்து வைத்திருந்த நகைகளைப் போலீஸ் எடுத்தது. அவருடைய தந்தையும் கைதானார்.

ஏழு வருஷம் ஆகலைன்னா ஆர்.டி.ஓ. வருவாராமே? ஏழு வருஷம் தாண்டிட்டா ஒண்ணும் பண்ண முடியாதா?

ஏழு ஆண்டுக்குள் மனைவி இயற்கைக்கு மாறாக இறந்தால், போலீஸ் விசாரணையோடு நிர்வாக மாஜிஸ்திரேட்டும் விசாரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் நாம் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை என்று சொல்வது இதைத்தான். பெற்றோர், கணவர் வீட்டார், அக்கம்பக்கத்தார் என்று எல்லாரிடமும் வாக்குமூலம் வாங்குவார். பெண் வீட்டார் மனதில் இருக்கும் சந்தேகத்தை எழுத்தில் பதிய வைக்க நல்ல இடம் இது. பலர் அங்கே அழுதுவிட்டு, "ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்" என்று கையெழுத்துப் போட்டு வந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் புகார் கொடுக்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது அந்தக் காகிதத்தைத்தான்.

ஏழு ஆண்டு கணக்கு இந்த விசாரணைக்கும் வரதட்சணை மரணப் பிரிவுக்கும் மட்டும். கொலைக்குக் கால வரம்பே கிடையாது. திருமணமாகி முப்பது ஆண்டு ஆனாலும் சந்தேகம் இருந்தால் வழக்குப் போடலாம். இறந்தது கணவராக இருந்தாலும் அப்படித்தான்.

இவ்ளோ கொடூரம் பண்ணினவனுக்கு ஏன் தூக்கு இல்ல? "ரெட்டை ஆயுள்"னா ரெண்டு ஜென்மமா?

அரசுத் தரப்பு மரண தண்டனைதான் கேட்டது. குற்றத்தின் கொடூரத்தை நீதிபதி சற்றும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் குற்றவாளிக்கு 28 வயது, முன்பு குற்றப் பின்னணி இல்லை என்பதை வைத்து ஆயுள் தண்டனையே விதித்தார்.

மயக்க மருந்துக்கு 10 ஆண்டு, ஆதாரத்தை அழித்ததற்கு 7 ஆண்டு. இந்த 17 ஆண்டும் முடிந்த பிறகு கொலைக்கும் கொலை முயற்சிக்குமான இரண்டு ஆயுள் தண்டனைகள் தொடங்கும். மனிதருக்கு இருப்பது ஓர் ஆயுள் என்பதால் இரண்டு ஆயுள் தண்டனைகளை அடுத்தடுத்து ஓட்ட முடியாது, ஆனால் ஆண்டுக்கணக்குத் தண்டனையை முதலில் முடிக்கச் சொல்லலாம் என்று 2016-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. முத்துராமலிங்கம் வழக்கு என்று பெயர், தமிழ்நாட்டில் இருந்து போன வழக்கு. இதன் விளைவு நடைமுறையில் பெரியது. ஆயுள் கைதி 14 ஆண்டில் வெளியே வந்துவிடுவார் என்ற பேச்சுக்கு இங்கே இடம் குறைவு. அந்த 14 ஆண்டும் உரிமை அல்ல. அதற்கு முன் விடக் கூடாது என்ற தடை மட்டுமே.

எங்க சொந்தத்துல இப்படி ஒரு சந்தேகம் வந்தா முதல் ரெண்டு நாள்ல என்ன பண்ணணும்?

பிரேதப் பரிசோதனை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் சந்தேகத்தையும் காரணத்தையும் புகாராக எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். முடிந்தால் தகனத்தைத் தவிர்த்து அடக்கம் செய்யுங்கள், பின்னால் தேவைப்பட்டால் தோண்டி எடுக்க முடியும். அறையைக் கழுவிவிட வேண்டாம். படுக்கை விரிப்பு, தண்ணீர் குடித்த டம்ளர், மாத்திரை அட்டை எதையும் தூக்கிப் போடவும் வேண்டாம். இறந்தவரின் கைப்பேசியைத் திறந்து நோண்டாமல் போலீஸிடம் ஒப்படையுங்கள். பழைய வாட்ஸ்அப் செய்திகள் உங்கள் போனில் இருந்தால் அழிக்காதீர்கள்.

உள்ளூர் காவல் நிலையம் கண்டுகொள்ளவில்லை என்றால் கண்காணிப்பாளரிடம் போங்கள். உத்ராவின் பெற்றோர் செய்தது அதைத்தான். வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. கொலை வழக்கை நடத்துவது அரசு வக்கீல்தான், அதற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை.

நிஜமாவே விபத்தா இருந்து, புருஷன் மேல பழி விழுந்துட்டா?

விழும். விழுந்திருக்கிறது. துக்கத்தில் இருக்கும் குடும்பம் யாரையாவது குறை சொல்லத் துடிக்கும். அழவில்லை, அதிகமாக அழுதார், சாப்பிட்டார், மறுநாளே இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டார் என்று ஊரும் கணக்கெடுக்கும். இதில் எதுவும் ஆதாரம் அல்ல. கிராமங்களில் பாம்புக்கடியால் வருடா வருடம் எத்தனையோ பேர் இறக்கிறார்கள். அவர்களின் கணவரோ மனைவியோ கொலைகாரர்கள் இல்லை.

அப்படிச் சிக்கியவருக்கும் மேலே சொன்ன அதே பரிசோதனைதான் துணை. உடலில் மயக்க மருந்து இல்லை, கடித் தடம் இயல்பான அளவில் இருக்கிறது, அறைக்குள் பாம்பு வர வழி இருக்கிறது என்று தெரிந்தால் அது அவரை விடுவிக்கும். அதனால் உங்கள் மேல் தவறே இல்லை என்றாலும் பிரேதப் பரிசோதனையைத் தடுக்காதீர்கள், அவசரமாக எரிக்காதீர்கள். போலீஸ் கேட்டால் நடந்ததை நடந்தபடி ஒரே மாதிரி சொல்லுங்கள். பயத்தில் சொல்லும் சின்னப் பொய்கூட, 106-ஆம் பிரிவு பற்றிய பதிலில் சொன்ன மாதிரி, பிறகு உங்களுக்கு எதிராகவே திரும்பும். கைது வரும் என்று தோன்றினால் முன்ஜாமீனுக்கு உடனே வக்கீலைப் பாருங்கள்.